பதினான்கு குழுக்களில் ஒரு டாக்டர்

அந்த மருத்துவக் கல்லூரியில் குடும்ப மருத்துவத் துறை எங்கே இருக்கிறது என்று கேட்டால், வாசலில் நிற்கும் காவலர் கொஞ்சம் யோசிப்பார். பிறகு, "துணி வெளுக்கற ரூம் தெரியுமில்ல? அதுக்குப் பக்கத்துல" என்பார். இதயத்துக்கு ஏழு மாடி, எலும்புக்கு நான்கு மாடி, மூளைக்குத் தனிக் கட்டடம் என்று வாரி வழங்கிய கல்லூரி, தலைவலியிலிருந்து கால் ஆணிவரை எல்லாவற்றையும் பார்க்கும் துறைக்குத் தரைத்தளத்தில் ஆறே ஆறு அறைகளை ஒதுக்கியிருந்தது. வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையும் நடுவில் புகுந்து போக, அங்கே பாடம் நடக்கும்.

அந்தத் துறையில் ஏழு வருடமாக உதவிப் பேராசிரியராக இருந்த பெண்மணிக்கு 'சரிங்க டாக்டர்' என்று பெயர் வைத்தது அலுவலக எழுத்தர். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "சரிங்க". கேள்வி முடிவதற்குள்ளேயே சில சமயம் வந்துவிடும்.

அவருடைய அப்பா சரக்கு லாரிகளில் மூட்டை ஏற்றியவர். அம்மா ஒரு விடுதியில் பாத்திரம் தேய்த்தவர். வீட்டில் பேசிய மொழிக்கு எழுத்தும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. ஊர்மொழியை ஆறு வயதுக்குமேல்தான் கற்றுக்கொண்டார். அதனால் பதற்றம் வந்தால் போதும், உயிரெழுத்துகள் எல்லாம் ரப்பர் மாதிரி நீண்டுவிடும். "எங்கே வலிக்குது?" என்பது "எங்கேஏ வலீக்குது?" ஆகும். புது மாணவர்கள் முதல் வாரம் முழுக்க அதைப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். மூன்றாவது மாதம் அதே ஆட்கள் சந்தேகம் கேட்க அவர் அறை வாசலில் வரிசையில் நிற்பார்கள்.

மருத்துவம் படிக்கச் சேர்ந்த முதல் நாளே அவர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். சரி என்று சொல்பவளை யாரும் "நீ எப்படி இங்க வந்தே?" என்று கேட்பதில்லை. அன்றைக்குப் பிடித்த பழக்கம் நாற்பத்தேழு வயதுவரை விடவில்லை.

கல்லூரிக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. எந்தக் குழு அமைத்தாலும் ஒரு பெண் வேண்டும், மொழிச் சிறுபான்மையில் ஒருவர் வேண்டும், குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வந்த ஒருவர் வேண்டும் என்று விதி. மூன்று பேரைத் தேடி யார் அலைவது? இவர் ஒருவரைப் போட்டால் மூன்று கட்டமும் நிரம்பிவிடும். இப்படியாக அவர் பதினான்கு குழுக்களில் உறுப்பினர் ஆனார். உணவகக் குழு, வரவேற்புக் குழு, குறைதீர்க்கும் குழு, பூந்தொட்டிக் குழு. பன்முகத்தன்மைக் குழு என்று ஒன்று. அதை மேற்பார்வையிட இன்னொன்று. கல்லூரிக் கையேட்டின் அட்டையில் நான்கு வருடமாக அவர் முகம்தான். அவருடைய கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். "உன்னை வீட்ல பார்க்கறதவிட அட்டையிலதான் அதிகமாப் பார்க்கறேன்" என்பார்.

ஒருநாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் தன் மேசையிலிருந்து ஒரு காகிதம் வேறொருவர் மேசைக்குப் போய்விட்டால் அந்த வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்.

"புதுசா சேர்ற ஆசிரியர்களுக்கு வழிகாட்டித் திட்டம்னு ஒண்ணு வந்திருக்கு. நம்ம துறைக்கு ஒரு பெண் டாக்டர் வர்றாங்க. நீங்கதான் அவங்களுக்கு..."

"சரிங்க."

"...வழிகாட்டி."

'சரிங்க' என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் சரிங்க டாக்டருக்கு உறைத்தது. ஏழு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நான் யாருக்கு என்ன வழியைக் காட்டுவது?

முதல் சந்திப்பைப் பன்முகத்தன்மைக் குழுவின் அறையில் வைத்திருந்தார்கள். அந்த அறைக்கு ஏழு படி ஏற வேண்டும். குறித்த நேரம் தாண்டியும் ஆளைக் காணோமே என்று சரிங்க டாக்டர் எட்டிப் பார்த்தார். கீழே சக்கர நாற்காலியில் ஒரு பெண் நிதானமாகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்துமூன்று வயது இருக்கும்.

"மேல வரலீயா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வரலாமே. படிக்கட்டு கொஞ்சம் கீழ இறங்கி வந்தா."

புது டாக்டர் அப்படித்தான். பூசி மெழுகத் தெரியாதவர். இருவரும் வெளுக்கும் அறைக்கு எதிரே, மடித்து வைத்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே இடம் பிடித்தார்கள். சரிங்க டாக்டர் திட்டத்தின் படிவத்தை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைப் படித்தார்.

"ஐந்து ஆண்டுகளில் நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?"

"அது இருக்கட்டும் மேடம். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"அப்ப என்ன பதவி?"

"உதவிப் பேராசிரியர்."

"இப்ப?"

சரிங்க டாக்டர் விரிப்புகளின் மடிப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் புது டாக்டர் பதவி உயர்வு விதிப் புத்தகத்தோடு வந்தார். அந்தக் கல்லூரியில் அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். "இங்க பாருங்க. பாடம் நடத்தறதுக்கு நாற்பது மார்க். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு முப்பத்தஞ்சு. நோயாளிகளைப் பார்க்கறதுக்கு இருபது. குழுப் பணிக்கு வெறும் அஞ்சு. ரெண்டு குழுவுல இருந்தாலே அந்த அஞ்சும் நிறைஞ்சிடும். மிச்சம் பன்னெண்டு குழு எதுக்கு மேடம்? வேண்டுதலா?"

சரிங்க டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரத்தில் பதினெட்டு மணி நேரம் கூட்டங்களில் போவதை இருவரும் சேர்ந்து கணக்கிட்டார்கள். அந்த நேரத்தில் எழுதியிருக்க வேண்டிய கட்டுரைகளின் குறிப்புகள் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. கல்லூரிக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, ஒரே சீட்டைக் காட்டி மூன்று பேருக்கு வைத்தியம் கேட்கும் குடும்பங்களைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் அவை. மருமகள் தன் இருமலுக்கென்று வருவாள். கடைசியில் மாமனார் தூங்காததைச் சொல்வாள். அப்படி ஆறு நோட்டுப் புத்தகம்.

"முதல்ல முடியாதுன்னு சொல்லக் கத்துக்குங்க" என்றார் புது டாக்டர்.

பயிற்சி வீட்டில் தொடங்கியது. அன்று மாலை கணவர், "காபி போடட்டுமா?" என்று கேட்டார்.

"முடியாதுங்க."

"என்ன முடியாது? நான்தானே போடறேன்?"

மறுநாள் செவிலியர் கதவைத் திறந்து, "அடுத்த ஆளை அனுப்பட்டுமா டாக்டர்?" என்றபோதும் வாய் முந்திக்கொண்டது. "முடியாது." செவிலியருக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே இருந்த எட்டுப் பேரிடமும் டாக்டருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். அவர்களில் இருவர் உள்ளே வந்து அவருக்கே கை வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் அந்த வார்த்தை வரவே மாட்டேன் என்றது.

இரண்டு மாதம் இப்படிச் சிரிப்பும் கேலியுமாகப் போனது. பிறகு ஒரு புதன்கிழமை புது டாக்டர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சரிங்க டாக்டர் தேடிப் போனபோது, அவர் கணினியில் ராஜினாமாக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாணவர்கள் எழுதிக் கொடுத்த கருத்துத் தாள்கள்.

"படிச்சுப் பாருங்க மேடம்."

நாற்பது தாளும் ஒரே மாதிரி. 'இவரைப் பார்ப்பதே எங்களுக்கு ஊக்கம்.' 'இவரது மன உறுதி வியக்க வைக்கிறது.'

"சர்க்கரை நோயைப் பத்தி ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தினேன். ஒருத்தர்கூட அதைப் பத்தி எழுதல. காலைல ஒருத்தர் என்னையே பார்த்து 'டாக்டர் எப்ப வருவாங்க'ன்னு கேட்டார். பரிசோதனைக் கட்டில் என் கழுத்து உயரம் இருக்கு. பொறுத்துக்கிட்டேன். ஆனா இது... நான் என்ன சுவர்ல மாட்டற படமா?"

ஆறுதல் சொல்லத்தான் சரிங்க டாக்டர் வாயைத் திறந்தார். ஆனால் அவருக்குத் தன்னுடைய முதல் வருடக் கருத்துத் தாள்கள் ஞாபகம் வந்துவிட்டன. "எனக்கு என்ன எழுதினாங்க தெரியுமா? 'உச்சரிப்பு மிக இனிமை'ன்னு. பாடம் என்னன்னா, வயித்துப்போக்கு."

புது டாக்டருக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை அனுப்புங்க. நாளைக்கு உங்க வகுப்பு இருக்கில்ல? நான் வந்து உக்காரறேன்."

வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து விடாமல் எழுதினார். வகுப்பு முடிந்ததும் இரண்டு பக்கத்தை நீட்டினார். மூன்றாவது படம் குழப்புகிறது. மருந்தின் பெயரை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறீர்கள். காலில் புண் வருவதைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஒரு மாணவி கை தூக்கினாள், நீங்கள் பார்க்கவில்லை. கடைசி இருபது நிமிடம் பிரமாதம். அதை முதலில் வையுங்கள்.

புது டாக்டர் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "கால் புண்ணை எப்படி விட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் கல்லூரிக்கு வந்ததிலிருந்து அவருடைய வேலையில் ஒருவர் குற்றம் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை கடிதம் எங்கும் போகவில்லை.

அதோடு சரிங்க டாக்டர் நிற்கவில்லை. மர வேலைக்காரரை அழைத்துவந்து பரிசோதனைக் கட்டிலின் கால்களை அறுத்து உயரத்தைக் குறைக்கச் சொன்னார். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று எழுத்தர் கேட்டதற்கு, "யார்கிட்டயும் இல்ல" என்றார். அப்புறம், தன் நோயாளிகளிலேயே மிகவும் சள்ளை பிடித்த ஓய்வுபெற்ற தபால்காரரைக் குடும்பத்தோடு புது டாக்டரிடம் ஒப்படைத்தார். மகன், மருமகள், பேரன்கள் இருவர், எல்லாருடைய வியாதிகளும் சேர்த்து. தபால்காரர் முறைத்தார். "இவ்வளவு நாள் பார்த்துட்டு இப்ப கைகழுவறீங்களா?"

"என்னைவிட நல்லாப் பார்ப்பாங்க. உங்களோட சண்டையும் போடுவாங்க."

சண்டை முதல் நாளே வந்தது, உப்பைப் பற்றி. தபால்காரர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

வருடக் கடைசியில் பன்முகத்தன்மைக் குழுவின் கூட்டம். துறைத் தலைவர் எழுந்தார். "அடுத்த வருஷம் புதுசா ஒரு குழு. பன்முகத்தன்மை விழாக் குழு. தலைவர் யாருன்னு நான் சொல்லணுமா?" எல்லாரும் சரிங்க டாக்டரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். எழுத்தர் பேனாவை மூடியே வைத்துவிட்டார்.

சரிங்க டாக்டர் எழுந்தார்.

"முடியாஆஆதுங்க."

நீண்டுபோன அந்த உயிரெழுத்து அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. துறைத் தலைவர் எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார். எழுத்தர்தான் முதலில் வாய் திறந்தார். "மேடம், கூட்டக் குறிப்பு முன்னாடியே அடிச்சாச்சு. 'மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டார்'னு."

"திருத்துங்க."

"முப்பது பிரதி எடுத்துட்டேனே..."

"முப்பதையும் திருத்துங்க. இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கு." அவர் ஒரு தாளை எடுத்தார். எந்தெந்தக் குழுவிலிருந்து விலகுகிறார், அங்கே தனக்குப் பதிலாக யார் யார் என்று அதில் இருந்தது. பதில் ஆட்கள் எல்லாரும் பல வருடமாக ஒரு குழுவிலும் கால் வைக்காதவர்கள். பூந்தொட்டிக் குழுவுக்கு இதயத்துறைப் பேராசிரியர். விழாக் குழுவுக்குத் துறைத் தலைவரே. "குறைதீர்க்கும் குழுவும் இந்தக் குழுவும் எனக்குப் போதும். இந்தக் குழு இனிமே கீழதான் கூடணும். இந்தக் குழுவுல இருக்கற ஒருத்தர் ஒரு வருஷமா படிக்கட்டுக்குக் கீழயே காத்திருக்காங்க. இன்னைக்கும் அங்கதான் இருக்காங்க."

தலைவர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். கீழேயிருந்து புது டாக்டர் கையசைத்தார். தலைவரும் பதிலுக்குக் கையசைத்தார். பிறகு தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தார். அப்புறம் மற்றவர்களுக்கும் வேறு வழியில்லை.

விழாக் குழுவைத் தலைவர் மூன்று மாதம் நடத்தினார். அந்த மூன்று மாதத்தில் இரண்டு கிலோ இளைத்தார். "இத்தனை நாள் இதையா செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று ஒருநாள் சரிங்க டாக்டரிடம் உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்.

ஆறு நோட்டுப் புத்தகங்களும் தூசி தட்டப்பட்டன. புது டாக்டர் அட்டவணை போட, சரிங்க டாக்டர் எழுத, முதல் கட்டுரை எட்டு மாதத்தில் முடிந்தது. முதலில் அனுப்பிய மருத்துவ இதழ் திருப்பிவிட்டது. இரண்டாவது இதழ் ஏற்றுக்கொண்டது. அந்த வருடம் பதவி உயர்வு கிடைக்கவில்லை. இன்னொரு கட்டுரை வேண்டும் என்றார்கள். அதற்கடுத்த வருடம் கிடைத்தது. 'இணைப் பேராசிரியர்' என்ற பலகையைப் பார்க்க அவருடைய கணவர் கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

வழிகாட்டித் திட்டத்தின் படிவத்தை இப்போது அந்தத் துறையில் யாரும் நிரப்புவதில்லை. வியாழக்கிழமை மதியம் கடைசி நோயாளி போன பிறகு ஐந்து பேர் கூடுகிறார்கள். ஒருவர் வேறு நாட்டில் படித்து வந்தவர்; இங்கே எல்லாரும் ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள் என்று இன்னும் கேட்கிறார். ஒருவர் கைக்குழந்தையோடு வருகிறார். அந்தக் குழந்தை பாதிப் பேச்சைக் கெடுக்கிறது. ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இப்போதுதான் ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கிறார். யாருக்கு யார் வழிகாட்டி என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டு மூன்று கடிதம் வந்துவிட்டது. பதில் எழுத வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். போன வியாழக்கிழமை எழுத உட்கார்ந்தார்கள். ஆனால் அந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரரின் வகுப்பில் காய்ச்சலைப் பற்றிய பகுதி சரியில்லை என்று இணைப் பேராசிரியர் சொல்ல, இல்லை சரிதான் என்று புது டாக்டர் சொல்ல, பொழுது அதிலேயே போய்விட்டது.