கலைக்கூடத்துப் படியில் மஞ்சள்

அம்சாவுக்கு எதற்கும் பொட்டு வைத்தாக வேண்டும். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனால் கத்திக்கு ஒரு பொட்டு. பக்கத்து வீட்டில் புது பைக் வந்தால் அதற்கும் ஒன்று. திருத்தணி மலை என்றால் கேட்கவே வேண்டாம். படிக்குப் படி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டுத்தான் மேலே போவாள். முழங்கால் தேய்ந்த பிறகு அது நின்றுபோனது. அந்தக் குறை அவளுக்கு மனசில் உண்டு.

மகன் பிரேம்குமாருக்குச் சென்னையில் கடலோரக் கலைக்கூடம் ஒன்றில் காவலாளி வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மாதக் கடைசியில்தான் சொல்வார்கள். இதற்கு முன்னால் பார்த்த வேலை எதுவும் அவனுக்கு நிலைக்கவில்லை. இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் அம்சாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, அந்த இடத்தைப் பார்க்கவே வந்துவிட்டாள்.

கட்டடத்தைப் பார்த்ததும் ஐயோ பாவம் என்றிருந்தது. தூண் இல்லை, வேலைப்பாடு இல்லை, சுவருக்குச் சுண்ணாம்புகூடக் காணோம்.

"இன்னா நைனா, பூசாமலே உட்டுட்டாங்க?" என்று மகனைக் கேட்டாள்.

"அப்படியேதாம்மா கட்டுனது. தாத்தா காலத்துக் கட்டடம். இத்தப் பாக்கவே வெளிநாட்லேந்து வராங்க. நீ சுத்திப் பாத்துகினு இரு, நான் கேட்டாண்ட இருக்கேன்."

வெளிப்புறமாக, கடலைப் பார்த்தபடி ஒரு படிக்கட்டு ஏறியது. தாழ்வான படிகள். முழங்கால் முனகவில்லை. மகனுக்குச் சோறு போடுகிற இடத்துப் படியாயிற்றே என்று நினைத்தாள். அவ்வளவுதான், முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. பாட்டில் தண்ணீரில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, "முருகா, இந்த வேலை நெலைக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லிக் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டே ஏறினாள். நல்ல காலம், கற்பூரம் கொண்டுவரவில்லை.

பாதி ஏறியிருப்பாள். கீழேயிருந்து ஒரு சத்தம். கலைக்கூடத்து மேலாளர் அனுராதா.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க! வெறும் சிமென்ட் அது, கறை ஊறிட்டா போகவே போகாது. பிரேம்குமார்! யார் இவங்க?"

ஓடிவந்த பிரேம்குமார் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அம்சாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

"நான் தனியா வந்தேம்மா. கோயில் படின்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பெற்ற பிள்ளையை யாரோ போலக் கடந்து வாசலை நோக்கி நடந்தாள்.

"மேடம்," என்றான் பிரேம்குமார், "அது எங்கம்மா. நான்தான் உள்ள இட்டாந்தேன்."

அம்சாவுக்கு வந்ததே கோபம். "வாய மூட்றா!" என்றாள்.

அனுராதா இருவரையும் பார்த்தார். "முதல்ல பக்கெட்டும் துணியும் எடுத்துட்டு வாங்க. மத்ததை மாசக் கடைசியில பேசிக்கலாம்."

தாயும் மகனுமாகத் தேய்த்ததில் குங்குமம் போனது. மஞ்சள் லேசாகத் தங்கிவிட்டது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அம்சா அவனை விடவில்லை.

"நான்தான் ஒதுங்கிப் போனேன்ல? வேலை போச்சின்னா இன்னாடா பண்ணுவ?"

"வேற தேடிக்கினா போச்சி. உன்ன யாரோன்னு எப்படிம்மா சொல்றது?"

ரயிலில் உட்கார்ந்ததும் கண்ணீர் வந்துவிட்டது. வேலை நிலைக்குமா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் இத்தனை சந்தோஷமாக அவள் ஒருபோதும் அழுததில்லை.

"இன்னாம்மா, எதுனா கெட்ட சேதியா?" என்று கேட்டாள் பக்கத்து சீட்டுக்காரி.

"இல்லம்மா. எம்புள்ளயப் பாத்துட்டு வரேன்."