வலது பக்கத்தில் எழுதியவை

கடந்த ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை, காலை 5.48-க்கும் 6.05-க்கும் இடையில் என் நைனா தொலைந்துபோனார். அன்று மதியமே ஆண்டவர் அவரைத் திருப்பித் தந்தார். இதைச் சபையாருக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆராதனையில் மைக்கைப் பிடித்தே சொல்லியிருக்கலாம். ஆனால் மைக் என்றாலே எனக்கு இப்போது வெட்கம். அதனால் எழுதித் தருகிறேன்.

நைனாவின் பெயர் தேவராஜ். வயது எண்பத்திரண்டு. துறைமுகத்தில் கிரேனுக்குக் கைச்சைகை காட்டும் வேலையில் இருந்தவர். கப்பலின் அடித்தட்டில் இருக்கும் சரக்கு கிரேன் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. மேலே நிற்கும் இவருடைய விரலைப் பார்த்துத்தான் அவர் தூக்குவார், இறக்குவார். நான்கு வருடமாக நைனாவுக்கு நினைவு மங்கி வருகிறது. சில நாள் என்னை மகன் என்கிறார். சில நாள் மேஸ்திரி என்று நினைத்து லீவு கேட்கிறார். அந்த வாரம் என் மனைவி மகளின் பிரசவத்துக்காக வியாசர்பாடிக்குப் போயிருந்தாள். நைனா முழுக்க என் பொறுப்பு.

நான் அஞ்சலகத்தில் தேதி முத்திரை குத்தி ஓய்வுபெற்றவன். எதையும் நாளும் நேரமும் போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். நம் சபையின் வரலாற்றைத் தொகுத்தபோது ஒரு ஞானஸ்நானத் தேதிக்காக நான் ஒரு மாதம் அலைந்தது உங்களுக்குத் தெரியும். நைனா தினமும் என்ன செய்கிறார் என்று குறித்து வைக்கும்படி டாக்டர் சொன்னார். நீளமான நோட்டு ஒன்று வாங்கினேன். இடது பக்கத்தில் நைனா. எத்தனை மணிக்கு எழுந்தார், மாத்திரை சாப்பிட்டாரா, எங்கே நழுவிப் போனார், எல்லாம் இருக்கும். வலது பக்கத்தில் என்ன எழுதினேன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

நம் ஆலயம் இருக்கும் தெருவிலேயே அம்மன் கோயிலும் இருக்கிறது, பள்ளிவாசலும் இருக்கிறது. அவற்றின் ஒலிபெருக்கிகள்தான் என் வலது பக்கம். பாங்கு எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம். கோயில் பாட்டு எப்போது தொடங்கியது, எப்போது நின்றது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஒரு நாள் விடாமல் எழுதினேன். பிறகு அந்தப் பட்டியலை நகல் எடுத்து, 'பொதுமக்கள்' என்று கையெழுத்திட்டுக் காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். ஒழுங்குக்காகச் செய்கிறேன் என்று நினைத்தேன். மனதுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

போலீசார் மூன்று இடத்திலும் வெளி ஒலிபெருக்கிகளை இறக்கச் சொன்னார்கள். நம்முடையதும் இறங்கியது. மனு போட்டது யார் என்று வெளியே தெரியவில்லை. பள்ளிவாசல்காரர்கள் கோயிலைச் சந்தேகப்பட்டார்கள். கோயில்காரர்கள் நம்மைச் சந்தேகப்பட்டார்கள். தெருவில் முகம் பார்த்துப் பேசுவது குறைந்தது. நம் போதகர், பள்ளிவாசல் ஹஜ்ரத், கோயில் பூசாரி மூவர் மட்டும் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துப் பேசுவதை நிறுத்தவில்லை. போதகர் என்னையும் கூப்பிட்டார்.

"சத்தியத்துல டீயை ஊத்திக் கலக்க முடியாது ஐயா" என்றேன். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைப்பு.

"டீயைக் கிளாஸ்லதான் ஊத்துறோம்" என்றார் அவர். அதோடு விட்டுவிட்டார்.

ஆடி பிறந்ததும் கோயிலில் அனுமதி வாங்கி ஒரே ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள். காலை ஆறு மணிக்குப் பிறகுதான் போட வேண்டும் என்பது நிபந்தனை. நான் 5.48-க்கு நோட்டோடு மாடிக்குப் போனேன். 5.52-க்குப் பாட்டு தொடங்கியது. எட்டு நிமிடம் முந்திவிட்டார்கள். எழுதினேன். அடுத்த மனுவை மனதுக்குள் வாசகம் வாசகமாகத் தயாரித்துக்கொண்டு 6.05-க்கு இறங்கி வந்தேன். நைனாவின் படுக்கை காலி. வாசல் கேட் திறந்து கிடந்தது. மாடிக்குப் போகிற அவசரத்தில் அதைப் பூட்ட மறந்தவன் நான்தான்.

எங்கள் பக்கத்துச் சாலைகளைத் தெரிந்தவர்களுக்கு என் பயம் புரியும். கன்டெய்னர் லாரி வரிசை ஓயாது. லாரி ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தால் நைனா போய் நடுவில் நின்று கையைத் தூக்குவார். அவருக்கு அது வேலை. டிரைவருக்கு அவர் நிற்பதே தெரியாது. வெயில் வேறு. தண்ணீரைக் கையில் கொடுத்தால்தான் குடிப்பார், தானாகக் கேட்கத் தெரியாது.

துறைமுகத்துக்குத்தான் போயிருப்பார் என்று முடிவு செய்தேன். ஆட்டோவில் ராயபுரம் போய்த் துறைமுக வாசல்களில் விசாரித்தேன். காசிமேட்டில் மீன் ஏலம் போடும் இடம் வரை நடந்தேன். யாரும் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு எங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன். போட்டோவை வாங்கிக்கொண்ட ஏட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க மைக் பெட்டிஷன் சார்தானே? இவ்ளோ டைம் எழுதினீங்களே, அப்பா போன டைம் கரெக்டா தெரியாதா?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

11.40-க்கு நம் ஆலயத்துக்குள் போனேன். யாரும் இல்லை. கடைசி வரிசையில் முழங்காலிட்டேன். எனக்கு நன்றாக ஜெபிக்கத் தெரியும் என்று நீங்கள் சொல்வதுண்டு. அன்று ஒரு வார்த்தையும் ஒழுங்காக வரவில்லை. "நைனாவைக் கொடுத்துடுங்க. என்ன கேட்டாலும் தர்றேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. தோளில் ஒரு கை விழுந்தது. போதகர்.

"எழுந்திரிங்க. ஹஜ்ரத்கிட்ட போவோம்."

"அவர்கிட்டயா?"

"இன்னிக்கு ஜும்மா தொழுகைக்கு நாலு தெரு ஜனம் வரும். பூசாரிக்கும் போன் பண்ணிட்டேன், அங்க வந்துடுவாரு."

பள்ளிவாசல் வாசலுக்குப் பக்கத்தில் சின்ன அறை. ஹஜ்ரத் எனக்கு நாற்காலி போட்டு, முதலில் தண்ணீர் கொடுத்தார். என்னைவிட இருபது வயது இளையவர். நாங்கள் உட்கார்ந்த சிறிது நேரத்தில் பூசாரி வண்டியில் வந்து இறங்கினார். நெற்றியில் குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது.

"இன்னா சாரே நீ, காலைல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்பவே குழாய்ல விட்டிருப்பேனே" என்றார். "இப்ப ஒரே ஒரு குழாதான் கீது. எவனோ ஒரு கஸ்மாலம் பெட்டிஷன் போட்டுப் புடுங்கிட்டான். இல்லாங்காட்டி மூணு எடத்துலயும் கூவிருக்கலாம்."

நான் தரையைப் பார்த்தேன். போதகர் ஜன்னலைப் பார்த்தார்.

ஹஜ்ரத் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார். நான் நைனாவின் பிறந்த தேதி, உயரம், சட்டை நிறம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"இதெல்லாம் சரி சார். ஆனா தெருவுல பாக்குறவனுக்குப் பிறந்த தேதி தெரியாதே. இதுக்கு முன்னாடி நழுவிப் போயிருக்காரா? எந்தப் பக்கம் போனாரு? போய் என்ன செஞ்சாரு?"

"நாலு தடவை போயிருக்காரு. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"எங்க எழுதியிருக்கீங்க?"

நோட்டு என் பையில் இருந்தது. கையை உள்ளே விட்டேன். எடுக்க முடியவில்லை. இடது பக்கத்தைத் திறந்தால் வலது பக்கமும் திறக்கும். என்ன கேட்டாலும் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆண்டவர் கேட்டது இதைத்தான் என்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. அவ்வளவு தெளிவாக அதற்கு முன் நான் அவர் குரலைக் கேட்டதில்லை. நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

"ரெண்டு பக்கத்தையும் படிங்க. அந்த கஸ்மாலம் நான்தான்."

பூசாரி குனிந்து வலது பக்கத்தில் விரலை வைத்துப் படித்தார். கடைசி வரி அன்று காலையில் எழுதியது.

"அஞ்சு அம்பத்தி ரெண்டா?" என்றார். "ஆறு மணி பாத்துதான் சாரே போட்டேன். உன் வாட்ச்சைக் காட்டு. இல்ல, கோயில் கடியாரம்தான் முந்தி ஓடுதோ என்னவோ." நோட்டிலிருந்து விரலை எடுத்தார். "உன்னிய அப்பால வச்சிக்கிறேன். நைனா முதல்ல வரட்டும்."

ஹஜ்ரத் வலது பக்கத்தின்மேல் தன் கைக்குட்டையை விரித்து மூடினார். இடது பக்கத்தைப் படித்தார். நான் எழுதினேனே தவிர, அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படித்ததே இல்லை. நான் படித்ததெல்லாம் வலது பக்கம்தான்.

"சார், நாலு தடவையும் மேற்கால போயிருக்காரு. நாலு தடவையும் இரும்பு ஏத்தின டிரெய்லர் பின்னாடி. நீங்களே எழுதியிருக்கீங்க." அவர் நிமிர்ந்தார். "உங்கப்பா வேலைக்குத்தான் போயிருக்காரு. துறைமுகத்துக்கு இல்ல. இரும்பு தூக்குற எடத்துக்கு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல வேலை செய்றவங்க நம்ம ஜமாஅத்துல நெறைய பேரு."

பூசாரி அப்போதே கோயிலுக்குக் கிளம்பினார். 12.35-க்கு அந்தக் குழாய் பேசியது. "அம்மன் பக்தர்களே, துறைமுகத்துல வேலை பாத்த நம்ம தேவராஜ் நைனாவைக் காணோம். வெள்ளை வேட்டி. கிரேனுக்குக் கை காட்டுற மாதிரி காட்டிகினே இருப்பாரு. பாத்தவங்க பிடிச்சு உக்கார வைங்க." காலையில் எதை நேரம் பார்த்துக் குற்றம் எழுதினேனோ, அந்தக் குழாயில் என் தகப்பன் பெயர். பால் குடத்தோடு நின்ற பெண்கள் தங்கள் போனை எடுத்தார்கள்.

12.50-க்கு, பிரசங்கத்துக்கு முன்னால், ஹஜ்ரத் உள்ளே அதே அறிவிப்பைச் சொன்னார். நானும் போதகரும் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றோம். ஹஜ்ரத் கையைத் தூக்கி, விரலைக் கீழ்நோக்கிச் சுற்றிக் காட்டுவது ஜன்னல் வழியே தெரிந்தது. பின் வரிசையில் இருந்து ஒரு குரல்.

"ஹஜ்ரத், அந்தப் பெரியவரு எங்க யார்டுல கீறாரு. ஒம்பது மணிக்கே வந்துட்டாரு. நாங்க புது ஆளுன்னு நெனச்சிகினோம். ரெண்டு லோடு எறக்கிக் குடுத்துட்டாரு."

பள்ளிவாசல் முழுக்கச் சிரித்தது. நான் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

பூசாரிதான் திரும்பி வந்து என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மேட்டில் வண்டி ஏறியபோது, "நல்லா பிடிச்சிக்கோ சாரே. உன்னியும் தொலைச்சிட்டா எவன் தேடுறது?" என்றார்.

இரும்பு மார்க்கெட்டில் கம்பிக் கட்டுகளுக்கு நடுவே, சாப்பாட்டு நேரத்துக்காக நிறுத்தியிருந்த கிரேனைப் பார்த்து நைனா நின்றுகொண்டிருந்தார். யாரோ தலையில் துண்டு கட்டிவிட்டிருந்தார்கள். காலடியில் காலி மோர்ப் பாக்கெட்டுகள். வலது கை தலைக்கு மேலே. கொக்கியில் தொங்கும் சரக்கை விட்டுவிட்டு அவர் எப்படி வருவார்? கொக்கியில் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

"இன்னா மேஸ்திரி, மாத்த ஆளு வரலியே" என்றார் என்னைப் பார்த்து.

"நான் வந்துட்டேன் நைனா. நீங்க எறங்குங்க."

அவர் விரலைக் கீழே சுற்றி, "ஆரியா, ஆரியா" என்றார். இறக்கு என்பதற்குத் துறைமுகத்தில் அதுதான் சொல். சரக்கு தரையைத் தொட்டதாக அவருக்குத் தோன்றியபிறகே கையை இறக்கினார். மணி 1.32.

மறுநாள் சனிக்கிழமை காவல் நிலையத்தில் மனுவைத் திரும்பப் பெற்றேன். "பொதுமக்கள் எல்லாரும் வாபஸா?" என்றார் அதே ஏட்டு. "பொதுமக்கள் நான் ஒருத்தன்தான் சார்" என்று சொல்லி, முதல் முறையாக என் பெயரில் கையெழுத்துப் போட்டேன். ஞாயிறு மாலை பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் போய், பெரியவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். கோயிலில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருவர் இன்னும் என்னோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயம். அவருக்காகவும் ஜெபிக்கிறேன். அவரும் பேசுவார்.

இப்போது அந்த டீக் கூட்டத்தில் எழுத்தர் நான். அடுத்த வருடத்துக்கான நாட்காட்டி தயாரிக்கிறேன். ஆடி வெள்ளிகளும், நம் பிரதிஷ்டைப் பண்டிகையும், ரமலானும் ஒரே தாளில் இருக்கும். ரமலான் தேதியைப் பென்சிலில்தான் எழுத வேண்டும் என்று ஹஜ்ரத் சொன்னார், பிறை தெரிந்தபிறகு பேனாவில் எழுதலாமாம். தேதியை முன்கூட்டியே நிச்சயிக்க முடியாமல் ஒரு கட்டம் காத்திருப்பதை முதல் முறையாகப் பொறுத்துக்கொள்கிறேன். பாங்கு நேரத்தில் கோயில் பாட்டு நிற்கும். நம் ஆராதனை நேரத்தில் இருவரும் சத்தத்தைக் குறைப்பார்கள். நாமும் அப்படியே. நோட்டின் வலது பக்கத்தில் இந்த ஏற்பாட்டைத்தான் எழுதுகிறேன்.

இயேசுவின்மேல் எனக்குள்ள விசுவாசம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை. என் ஜெபத்தை அவர்தான் கேட்டார். கேட்டு, நான் ஒதுக்கிவைத்தவர்களின் கையில் பதிலைக் கொடுத்தனுப்பினார். சகோதரரே, சகோதரியே, உங்கள் வீட்டிலும் ஒரு படுக்கை காலியாக இருக்கலாம். பயப்படாமல் அவரிடம் கேளுங்கள். அவர் உங்களிடம் எதையாவது திருப்பிக் கேட்டால், பைக்குள் கையை வைத்துக்கொண்டு தயங்காதீர்கள்.

போன வாரம் நம் கோபுரத்தில் ஒலிபெருக்கியைத் திரும்ப ஏற்றினோம். பள்ளிவாசலிலிருந்து வந்த இரண்டு பையன்களும் பூசாரியின் மைத்துனரும் கயிறு இழுத்தார்கள். கீழே நாற்காலியில் இருந்த நைனா தானாக எழுந்து கையைத் தூக்கினார். அது போய் உட்காரும்வரை மூன்று பேரும் மேலே பார்க்கவில்லை. அவர் விரலையே பார்த்து இழுத்தார்கள்.