அட்டை கடித்தாலும் செந்தமிழ்

டேப் ரெக்கார்டரில் பதிவுசெய்ய வேண்டுமானால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதும், அப்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும் என்பதும், அந்தச் சத்தம் கேட்டதுமே மனிதர்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டு வேறு யாராகவோ ஆகிவிடுவார்கள் என்பதும் எனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டன. பிற்பாடு மொழியியல் படிக்கப் போனபோது இந்த மூன்றாவது விஷயத்தைப் பெரிய சிக்கலாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்கப் பாடம் நடத்தினார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

மலையாளச் சீமையில் ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் 'லயத்தில்', அதாவது ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் குடியிருப்பில், ஐந்தாவது வீடு எங்களுடையது. அப்பா தவறிப்போன பிறகு அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா செல்லக்கனி கொழுந்து கிள்ளப் போகிறவள். எதிர் மலையில் நிற்பவரோடு சாவகாசமாக வம்பளக்கும் அளவுக்குக் குரல் உண்டு. எங்கள் பேச்சு திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்த தமிழ். மூன்று தலைமுறையில் சர்க்கார் காரியங்களெல்லாம் மலையாளமாகவும் தோட்டத்து வேலைகளெல்லாம் இங்கிலீஷாகவும் அதற்குள் வந்து குடியேறியிருந்தன. "ஏட்டி, மஸ்டருக்கு நேரமாச்சு, பஞ்சாயத்துக்கு அந்த 'அபேக்ஷ' எழுதுனியா, சூப்பர்வைசர்ட்ட 'ஒப்பு' வாங்குனியா?" என்று அம்மா ஒரே மூச்சில் தோட்டத்து ஆஜர் நேரத்தையும் விண்ணப்பத்தையும் கையெழுத்தையும் விசாரித்தால், மூன்று மொழிகளும் தகராறில்லாமல் ஒரே பாயில் படுத்திருக்கும்.

நான் நாலாம் வகுப்பில் இருந்த அந்த மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கண்டம் வந்தது. பிள்ளைகளின் தலையை எண்ண ஆபீசர் வருவார், எண்ணிக்கை குறைந்தால் 'டிவிஷன் போயிடும்', தமிழ் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று ஹெட்மாஸ்டர் பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மூடினால் என்னை மலைக்குக் கீழே கம்பத்தில் ஒரு ஹாஸ்டலில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. "எம்புள்ளய மலையெறக்கி விட்டுட்டு நான் மட்டும் யாருக்குச் சோறு பொங்க?" என்று அம்மா அன்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். என்னிடம் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

அந்த வாரம்தான் 'மிஷின் சார்' வந்து சேர்ந்தார். வடக்கே எங்கோ ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்; தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர்; தோளில் தொங்கிய பையில் டேப் ரெக்கார்டர். லயத்து வாசலில் நின்று, "நீங்கள் பேசும் தமிழை ஆராய்வதற்காக வந்திருக்கிறேன்" என்று கும்பிட்டுச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

"தலைய எண்ணுறவுக வந்து தலைய எண்ணட்டும். இவரு நம்ம நாக்கப் பாக்க வந்திருக்காரு" என்று அம்மா அன்று சாயங்காலம் குழாயடியில் எல்லாரையும் கூட்டி வைத்துத் தீர்ப்புச் சொன்னாள். "நாம பேசுறது தமிழுதான்னு இவரு எழுதிக் குடுத்தாத்தான் டிவிஷன் நிக்கும். மூணு நாளைக்கு எவன் வாயிலயாவது ஒரு மலையாள வார்த்த வந்துச்சோ, இந்தக் கொழாயில தண்ணி புடிக்க விடமாட்டேன்."

தண்ணீர் என்றால் சும்மாவா? லயம் முழுக்கச் செந்தமிழ் தேட ஆரம்பித்தது. சிலர் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து மனப்பாடம் செய்தார்கள். அம்மா என் தமிழ்ப் பாடப்புத்தகத்தைக் கைப்பற்றிக்கொண்டாள். அடுத்த வீட்டுப் பேச்சிமுத்து அண்ணன், பாக்டரியில் இலை உலர்த்தும் டிரையரில் வேலை செய்பவர், ரேடியோச் செய்தியை உறுதியாகப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவர் வீட்டில் சட்னி தீர்ந்துபோனதே 'தெரிவிக்கப்பட்டது'.

இப்போது யோசித்தால் மிஷின் சாரை நினைத்துப் பாவமாக இருக்கிறது. மொழி என்றால் ஏட்டில் இருப்பது என்றுதான் அறிஞர்கள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். இல்லை, அது சாதாரண ஜனங்களின் வாயில் இருக்கிறது, அதில் எந்த வாயும் மட்டமில்லை, எது சரி என்று சொல்வது நம் வேலையில்லை, இருப்பதை இருக்கிறபடியே எழுதிக்கொள்வதுதான் வேலை என்று நவீன மொழியியல் கிளம்பிய பிறகுதான், சொற்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் இப்படி மலையேறத் தொடங்கினார்கள். அந்த மனுஷர் ஏட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைத் தேடி அத்தனை தூரம் ஏறி வந்தார். நாங்கள் அவருக்காக ஏட்டை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

டொக். "தாகம் எடுத்தால் மகளிடம் எப்படிக் கேட்பீர்கள்?" என்றார் சார்.

"மகளே, எனக்குத் தாகமாக இருக்கின்றது. சிறிது தண்ணீர் கொணர்வாயாக" என்றாள் அம்மா. வழக்கமாக எனக்குக் கிடைப்பது, "ஏட்டி, தண்ணி!" என்பதும், தாமதமானால் ஒரு துடைப்பமும்தான். நான் கொணர்ந்தேன்.

இரண்டாம் நாள் மழையில் பேச்சிமுத்து அண்ணனின் முறை. அவர் தேயிலை உலர்த்தும் விதத்தை விவரித்துக்கொண்டிருக்கையில் காலில் ஒரு அட்டை ஏறியது. சாதாரண நாளாக இருந்தால் அந்த அட்டையின் வம்சத்தையே அவர் தோண்டி எடுத்திருப்பார். அண்ணன் குனிந்து பார்த்தார், சுழலும் நாடாவைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அம்மாவைப் பார்த்தார்.

"ஐயா, எனது காலில் அட்டை ஒன்று குருதி அருந்திக்கொண்டிருப்பதாகத் தெரிவிக்கப்படுகிறது" என்றார்.

சார் பதறி எழுந்தார். "கவலற்க" என்று அவரைக் கையமர்த்திவிட்டு அண்ணன் மேலே பேசினார். அட்டை வயிறு நிரம்பித் தானாக உதிரும்வரை இலை உலர்ந்துகொண்டே இருந்தது. ஒரு டிவிஷனுக்காக இவ்வளவு ரத்தம் சிந்தியவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மூன்றாம் நாள், புறப்படுவதற்கு முன் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு மிட்டாயைக் கொடுத்தார். "நான் இல்லாதபோதும் அம்மா இப்படித்தான் பேசுவார்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவருக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். அவள் கண்ணில் மிரட்டல் இருந்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன், பயம்தான் இருந்தது. கம்பத்து ஹாஸ்டலை நினைத்துக்கொண்டேன்.

"ஆம் ஐயா. எப்பொழுதும்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மலை உங்கள் மொழியைப் பழுதில்லாமல் காத்து வைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஒதுக்குப்புறமான ஊர்களில் பழைய வடிவங்கள் அழியாமல் தங்கும் என்று எங்கள் துறையில் ஒரு கருத்து உண்டு. அதற்கு எங்கள் லயத்தைச் சான்றாக அவர் எங்கேயாவது எழுதிவிட்டாரா என்று தேடிப் பார்க்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

அந்த ஆண்டு டிவிஷன் போகவில்லை. வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து மாறி வந்த இரண்டு குடும்பங்களின் ஐந்து பிள்ளைகள் எங்கள் வகுப்பில் சேர்ந்ததுதான் காரணம் என்று ஹெட்மாஸ்டரே சொல்லியும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அவரு கெடக்காரு. நாக்குதான் காப்பாத்துச்சு" என்றாள்.

நான் இப்போது அதே மலையாளச் சீமையில், சித்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் மொழியியல் சொல்லிக்கொடுக்கிறேன். "ஏனுங் மேடம், எங்கூட்ல பேசறதையும் தப்புன்னு சொல்லக் கூடாதுங்களா?" என்று பிள்ளைகள் ஆச்சரியப்படும்போது, கூடவே கூடாது என்று அடித்துச் சொல்கிறேன். களப்பணிப் பாடத்தை மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நடத்துவேன்.

போன ஜூனில் அம்மா போன் செய்தாள். தமிழ் டிவிஷன் போய்விட்டதாம். பேச்சிமுத்து அண்ணன் இல்லை. பாக்டரி பூட்டிக் கிடக்கிறது. லயத்தில் எட்டில் ஐந்து வீடுகளில் வடக்கேயிருந்து வந்த தொழிலாளிகள். எண்ணுவதற்குத் தலையே இல்லை.

"நீதானட்டி இப்ப மிஷின் சாரு?" என்றாள்.

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"அப்ப நீயே பதிஞ்சு மேல குடு. நான் பேசுதேன்."

இது அப்படி நடக்கிற காரியமில்லை, அந்த மனுஷருக்கும் டிவிஷனுக்கும் சம்பந்தமே இருந்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டுவிட்டாள். போனில் பதிவுப் பொத்தானைத் தொட்டேன். 'டொக்' என்ற சத்தம் வரவில்லை.

"எனது பெயர் செல்லக்கனி. மகளே, நீ உணவு உண்டாயா? இங்கு மழை பொழிகின்றது. உனது நினைவாகவே இருக்கின்றேன்" என்று பாடப்புத்தகத்தின் நாலு வரியையும் என்னையும் கலந்து திணறாமல் பேசி முடித்தாள்.

"ஏட்டி, போதுமா? டிவிஷன் நின்னுருமா?"

மிஷின் சார் மூன்று நாள் தேடியும் கிடைக்காத அம்மாவின் பேச்சு அது. நான் பதிவை நிறுத்தாமல், "நின்னுரும்மா" என்றேன்.