தீர்த்தகிரியின் நாலாம் ஜுரம்

தினமும் விடிந்ததும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு மல்பெரிக் கொல்லை ஓரத்துக்குப் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மூன்று முறை ஓங்கி உதறுகிறார் தீர்த்தகிரி. உதிர்வது அவருடைய தோல்தான். பன்னிரண்டு வருஷத்துச் சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், முதுகு என்று இடம் பிடித்துக் குடியிருக்கிறது. "இத்தினி வருசத்துல உதுந்ததச் சேத்து வெச்சிருந்தா ரெண்டு தீர்த்தகிரி செஞ்சிருக்கலாமுங்க. ஒருத்தன் வேலை செய்ய, ஒருத்தன் தூங்க" என்பார். போர்வை சுத்தமான பிறகுதான் பல் துலக்குவார்.

நல்லம்பள்ளிக்குத் தெற்கே இரண்டு ஏக்கர், ஒரு பட்டுப்புழு ஷெட்டு, மனைவி சசிகலா, வயது ஐம்பத்து நாலு. இரவில் படுத்து உடம்பு சூடேறியதும் அரிப்பு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். சொறிந்தால் எரியும், சொறியாவிட்டால் உயிர் போகும். தூக்கம் கெட்டால் மறுநாள் அரிப்பு கூடும். அரிப்பு கூடினால் தூக்கம் கெடும். தருமபுரி டாக்டர், "தூக்கம் வருதா?" என்று கேட்டார். "வருதுங்க சார். வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டு, ஆள் முழிச்சிருக்கான்னு திரும்பிப் போயிடுது."

தூங்காதவனுக்குப் புழு வளர்ப்பு தோதான தொழில். இரவிலும் அதற்குத் தழை போட வேண்டும். கூடு கட்டுவதற்கு முன் புழுவுக்கு நாலு தடவை ஜுரம் வரும். ஜுரம் என்றால் காய்ச்சல் அல்ல. தீனியை நிறுத்தி, தலையைத் தூக்கியபடி ஒரு நாள் அசையாமல் தூங்கி, பழைய தோலைக் கழற்றுவதற்குத்தான் இந்தப் பக்கம் அந்தப் பெயர். அப்போது யாரும் அதைத் தொடக் கூடாது. தீர்த்தகிரிக்கு அந்தப் புழுக்களின் மேல் பொறாமை. "அது தூங்கித் தோலுரிக்குது, எந்திரிச்சா புதுசா இருக்குது. நான் தூங்காமயே உரிக்கிறேன், விடிஞ்சா அதே பழைய ஆளு."

இவ்வளவு பேசுகிறவர் ஒரே ஒரு வீட்டில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அது மகள் கலைமதியைக் கட்டிக்கொடுத்த பாப்பாரப்பட்டி வீடு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். அவர் ஒன்றுதான் சொன்னார், அதுவும் வாயால் அல்ல, சட்டையால். பெண் பார்க்க வந்த அன்று, சித்திரை வெயிலில், மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் வெந்துகொண்டு நின்றார். இன்றைக்கு அப்பன் தோல், நாளைக்கு மகள் தோல் என்று யாராவது சொல்லிவிட்டால்? அந்தப் பயம் அரிப்பைவிட மோசம்.

ஒன்றரை வருஷமாகச் சம்பந்தி வீட்டில் கை நனைத்திருக்கிறார். ஒரு இரவு தங்கியதில்லை. தங்கினால் அவர்கள் விரிக்கிற படுக்கையை விடியற்காலையில் எங்கே கொண்டுபோய் உதறுவது? சாப்பிட்ட கை காய்வதற்குள் கடைசி பஸ் பிடித்துவிடுவார். சம்பந்தியம்மா ராணியம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மருமகளிடம், "உங்கப்பாவுக்கு எங்க வூட்டு மெத்தை முள்ளாட்டம் குத்துதா?" என்று கேட்டுவிட்டாள்.

கலைமதி போனில் அழுதாள். "அப்பா, நோவுன்னு சொல்லிடேன். இல்லைன்னா வந்து ஒரு ராத்திரி தங்கு. நம்மள ஒசத்தியா நெனச்சிக்கிறோம்னு பேசறாங்கப்பா."

"சொல்லலாம்மா, சொல்லலாம்" என்றார். சொல்லவில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து தங்கிப் போகும்படி சம்பந்தி சின்னராஜ் அழைத்தார். "புழு நாலாம் ஜுரத்துல இருக்குதுங்க, விட்டுட்டு வர முடியாது" என்றார் தீர்த்தகிரி. பத்து நாள் கழித்து, குலசாமிக்குக் கிடா வெட்டு என்று மறுபடி அழைப்பு வந்தது. பழக்க தோஷம், வாய் தானாக அதையே சொன்னது. "நாலாம் ஜுரமுங்க சம்பந்தி."

போன வருஷம்தான் சின்னராஜும் ஒரு ஷெட்டு போட்டுப் புழு வளர்க்க ஆரம்பித்திருந்தார். பொய் சொல்லும்போது இது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"திருவிழாவுக்கும் நாலாம் ஜுரந்தானுங்களே? இந்நேரம் கூடு கட்டியிருக்கணுமே?"

"இது வேற பேட்ச்சுங்க."

"ஒரே ஷெட்டுலயா?"

"அலோ, அலோ... கேக்கலைங்க" என்று போனை அணைத்த தீர்த்தகிரி, தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். பொய் சொன்ன வாய்க்குப் பொரியும் கிடைக்காது. இவருக்குக் கிடாக்கறியும் போயிற்று.

உண்மையில் ஷெட்டு காலி. கூடு விற்று, கழுவிவிட்டு, அடுத்த முட்டைக்குக் காத்திருந்தது. அந்த வெறும் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில், காலை பத்து மணிக்கு மேல், சட்டை இல்லாமல் மல்லாந்தால்தான் தூக்கம் வாசல் தாண்டி உள்ளே வரும். போன் வந்த இரண்டாம் நாள் அப்படித்தான் கிடந்தார். பைக் சத்தம் கேட்டது. கனவு என்று நினைத்தார்.

"புழுவுக்குச் சீக்கு வந்திருக்கும், சொல்ல வெக்கப்படறாருன்னு நெனச்சேனுங்க. புழு மேல தூவச் சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை கொண்டாந்தேன்." சின்னராஜின் குரல். செருப்புச் சத்தம் வாசலோடு நின்றுபோயிற்று. சட்டையில்லாத உடம்பைப் பார்த்துவிட்டார்.

"அய்யோ, இருங்க, எழுப்பறேன்..." என்று சசிகலா ஓடி வந்தாள்.

"வேணாமுங்க. எத்தினி வருசமா?"

"பன்னெண்டுங்க. ஒட்டிக்கிற நோவு இல்லைங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே கெடையாது. இங்க பகல்ல கண்ணசந்தாத்தான் உண்டு. பொண்ணுக்கு எதுனா சொல்லிடுவாங்களோன்னு..."

தீர்த்தகிரி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் மகளின் வாழ்க்கையை அந்த முகத்தில் படித்தாக வேண்டும். பைக் கிளம்பும் சத்தத்துக்குக் காத்திருந்தார். தண்ணீர்த் தொட்டியில் எதையோ முக்கிப் பிழியும் சத்தம்தான் கேட்டது. புழுவுக்குக் குளிர்ச்சியாகக் கட்டுவதுபோல், சின்னராஜ் ஈரச் சாக்கு ஒன்றை ஜன்னலில் தொங்கவிட்டார். முகத்தில் அடித்த வெயில் அணைந்தது.

"சம்பந்தி பொய் சொல்லலைங்க, நாலாம் ஜுரந்தான்" என்றார் சின்னராஜ், மெதுவாக. "தூங்கட்டும். நான் இப்பிடியே ஒக்காந்திருக்கேன். எங்க வூட்டம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மரியாதைக்கு எழுந்து, வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். தீர்த்தகிரியின் கை தலைமாட்டிலிருந்த சட்டை வரை போயிற்று. போன கை திரும்பி வந்தது. கண்ணை மூடியபடியே புரண்டு, முதுகு முழுவதையும் சம்பந்தியின் பக்கம் காட்டிப் படுத்துக்கொண்டார்.