பங்கர் வெட்டச் சொன்னது

இங்கே நோர்வேயில், குறொன்லாண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. கூட வேலை செய்பவன் காசாவிலிருந்து வந்தவன். எங்கள் இருவருக்கும் பொதுவானது உடைந்த நோர்வேஜிய மொழிதான். அவன் சொன்னதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவனுடைய தம்பி மூன்று பிள்ளைகளோடு அங்கே கூடாரத்தில் இருந்தான். எல்லை தாண்டிப்போய்க் கொலை செய்துவிட்டு வந்த ஆயுதக்காரரைத் தேடி இராணுவம் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். "சின்னவளுக்குச் சத்தம் கேட்டாலே வலிப்பு வருதாம்" என்றான் ஒருநாள், உருளைக்கிழங்கு உரித்தபடி.

எனக்குப் பொறுக்கவில்லை. வன்னியில் சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போகிற இடமெல்லாம் நாங்கள் முதலில் பதுங்க ஒரு பங்கர் வெட்டிவிட்டுத்தான் உலை வைப்போம். கூடாரத்துக்குள் குந்தியிருந்து சாவதா? பாண் வந்த கடதாசிப் பை ஒன்றைக் கிழித்துப் படம் கீறிக் காட்டினேன். நெஞ்சளவு ஆழம். நேராக வெட்டாமல் 'ட' எழுத்துப்போல மடக்க வேண்டும், அப்போதுதான் வாசலில் விழுந்து வெடிக்கிற செல்லின் சிதறல் உள்ளே வராது. மேலே மண்மூட்டை.

"பிள்ளையளை அதுக்குள்ளை படுக்க விடச் சொல்லு. நான் இண்டைக்கு உயிரோடை நிக்கிறது அதாலைதான்."

அவன் அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினான். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே புழுகம்.

மறுவாரம் அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. "தம்பி வெட்டத் தொடங்கினவன். பக்கத்துக் கூடாரத்துச் சனம் ஓடிவந்து மூட வைச்சிட்டுதுகள். மேலை சுத்திற ட்ரோனுக்கு மண் கிளறினது தெரிஞ்சால், சுரங்கம் எண்டு நினைச்சு அடிப்பாங்களாம்."

எனக்கு விசர் பிடித்தது. எங்கள் தலைக்கு மேலும் அது சுற்றியதுதான்; வண்டு என்போம். இயக்கக்காரர் எங்களுக்குப் பக்கத்தில் நின்று அடித்துவிட்டு இடம் மாறிவிடுவார்கள், பதிலுக்கு வருகிற செல் எங்களுக்கு. ஆனாலும் பதுங்க ஒரு கிடங்காவது இருந்தது. காசாவில் அதுவும் இல்லை. மேலிருந்து பார்க்கிறவனுக்குப் பிள்ளை படுக்கிற கிடங்கும் ஆயுதக்காரன் ஒளிகிற கிடங்கும் ஒன்றுதான். அதை நம்பித்தான் ஆயுதக்காரனும் அங்கே ஒளிகிறான். அதற்காக, கொலை செய்தவனை விட்டுவிடு என்று எல்லைக்கு அந்தப் பக்கம் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் யார் போய்ச் சொல்வது?

கொஞ்ச நாளில் அந்தக் கூடாரங்களுக்குப் பின்னால் இருந்து யாரோ றொக்கட் அடித்துவிட்டு ஓடிவிட்டார்கள். பதில் வந்தது. சின்னவள் படுத்திருந்த பாயிலேயே செத்துப்போனாள். கழுத்தில் ஒரேயொரு சிதறல்.

வீட்டில் நிற்கச் சொல்லியும் கேளாமல் அவன் வேலைக்கு வந்தான். கரட் வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உண்மையைச் சொல்லு. அந்தக் கிடங்கு இருந்திருந்தால் அவள் தப்பியிருப்பாளோ?"

தப்பியிருப்பாள். கிடங்குக்குள் படுத்திருப்பவருக்கு மேலால்தான் சிதறல் போகும். எத்தனை தரம் எனக்கு மேலால் போயிருக்கிறது.

"தெரியாதடா" என்றேன்.