இடது மூன்று வரிசை

அம்மாவும் அவனும் சேர்ந்து செய்த கடைசி வீட்டு வேலை, நூறு காலி மருந்து பாட்டில்களுக்கு எண் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை. மேசை என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. கட்டிலின் மேல் பலகையைப் போட்டு, அதன் மேல் பத்துக்குப் பத்து குழி வைத்த பிளாஸ்டிக் தட்டை வைத்திருந்தார்கள். அவன் எண்ணைச் சொல்வான். அம்மா ஒட்டுத்தாளைக் கிழித்து பாட்டிலின் அடியில் ஒட்டிக் குழியில் நிறுத்துவாள்.

"நாப்பத்திரெண்டு," என்றான்.

"அந்த வயசுலதான்டா எனக்கு முதல் நரை வந்துச்சு. நீ அப்ப பரீட்சையில கோட்டை விட்ட."

"அம்மா, ஒட்டு."

"ஒட்டிட்டேன். உன் வாயிலயும் ஒண்ணு ஒட்டவா?"

அந்தப் பாட்டில்கள் எதற்கு என்று இருவருக்கும் தெரியும். அம்மா இருபத்தாறு வருடமாக ஒரு பாட்டில் தொழிற்சாலையில் வேலை செய்தாள். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாகப் போகும் பாட்டில்களில் விரிசல், குமிழ், மணல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கெட்டதை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். மயிரிழை விரிசலை அவள் தலையைத் திருப்பாமலே எடுப்பாள். அதனால் அங்கே அவளுக்குக் கழுகு என்று பெயர். சின்னவர்கள் கழுகக்கா என்பார்கள். "யாரோ பெத்த பிள்ளை வாயில போற மருந்து. கண்ணாடித்தூள் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்பது அவள் எப்போதும் சொல்வது.

அவன் அளவுக்கருவிகளைப் பற்றிப் படித்தவன். பாட்டில்களைக் கேமரா வைத்துச் சோதிக்கும் இயந்திரங்களைப் பொருத்தும் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி இந்த வருடம் தன் இயந்திரத்தை விற்றது அம்மாவின் தொழிற்சாலைக்கே. அவனையே அனுப்பினார்கள்.

"உன் புள்ள வேலியே பயிரை மேயுற கதையா வந்து நிக்கிறானே," என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். அவள் பெயர் ஒல்லி. வேலைக்குச் சேர்ந்த வருடம் வைத்த பெயர். இப்போது அவளுக்கு நாற்காலி பத்தாது.

"மேயட்டும்," என்றாள் அம்மா. "நான் வளத்த மாடுதானே."

வெளிச்சப் பலகைக்கு முன்னால் எட்டு நாற்காலிகள். இயந்திரம் வந்ததும் நான்கு போதும் என்றார் மேலாளர். புதன்கிழமை சோதனை. ஒவ்வொருத்தியும் நூறு பாட்டிலைப் பார்க்க வேண்டும். அதில் இருபது கெட்டவை. அதிகம் கண்டுபிடிக்கிற நால்வர் இருப்பார்கள், மற்றவர்கள் போவார்கள். அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. அந்த நாற்காலியைத் தவிர தனக்கென்று அவள் எதையும் வைத்துக்கொண்டதில்லை. போனால் என்ன செய்வாள் என்று அவன் கேட்டதற்கு, "சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். சுவத்துல விரிசல் இருந்தா உனக்குச் சொல்றேன்," என்றாள்.

தட்டு நிறைந்ததும் பின்னால் விளக்கை வைத்தான். "சும்மா ஒரு தடவை பாரேன்."

அவள் பார்த்தாள். நான்கு நிமிடம். எடுத்த பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டாள். பதினான்கு.

விட்ட ஆறும் எங்கே இருந்தன என்று நோட்டில் கட்டம் போட்டுக் குறித்தான். ஆறும் இடது மூன்று வரிசையில். அந்த மூன்று வரிசையில் இருந்ததே ஆறுதான். மற்ற ஏழு வரிசையில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் களைப்பு. ஒரே பக்கமாக விழுந்தால் கருவியில் கோளாறு. முதல் வருடத்தில் படித்த பாடம். எந்தக் கருவி இப்படிக் காட்டியிருந்தாலும் அதைக் கழற்றி மேசையில் வைத்திருப்பான்.

அவன் நோட்டை மூடினான்.

"எத்தனைடா?"

"பத்தொம்பது."

அம்மா மடியிலிருந்த பாட்டில்களை எண்ணிப் பார்க்காமலே தட்டில் திருப்பி வைத்தாள். "ஒண்ணு போச்சா. சரி, ஆனைக்கும் அடி சறுக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். எழும்போது இடது முழங்கை கதவில் இடித்தது.

ஏன் பொய் சொன்னான் என்றால், அந்த வீட்டின் பழக்கம் அது. அவனுக்கு நாலு வயதிருக்கும்போது அப்பா வெளியூரில் வேலை தேடப் போகிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். "அப்பா வேலையில இருக்காருடா, லீவு கிடைக்கல," என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறாவது மாதமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது அவளுக்குத் தெரியக்கூடாது என்று மேலும் இரண்டு வருடம், "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று வாரத்துக்கு ஒரு தடவை மறக்காமல் கேட்டான். அவளும் மறக்காமல் பதில் சொன்னாள்.

பத்து வயதில் பள்ளி மைதானத்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அந்த வாரம் அம்மா லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் மறைத்தான். எலும்பு கோணலாகச் சேர்ந்தது. இன்றும் அந்தக் கையால் ஸ்க்ரூடிரைவரை முழுச்சுற்று திருப்ப முடியாது.

அடுத்த வருடம் தொழிற்சாலையை இரண்டு மாதம் பூட்டினார்கள். அம்மா அவனிடம் சொல்லவில்லை. தினமும் அதே நேரத்துக்கு அதே டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, யாரோ ஒருவரின் அலுவலகத்தில் ஐந்து மாடிப் படிகளைக் கழுவிவிட்டு வந்தாள். அவள் கையில் சோப்புத்தூள் வாசனை வந்ததை அவன் கண்டுபிடித்தான். கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்த ஒற்றை அறையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பூசணிக்காயை மறைத்துவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"கவலையைப் பங்கு போட்டா பாதியாகும்னு எவனோ சொல்லிட்டுப் போயிட்டான்," என்பாள் அம்மா. "ஆகாதுடா. ரெண்டாகும்."

புதன்கிழமை சோதனையை நடத்தியது அவன்தான். ஒருத்தி பார்த்து முடித்ததும் பாட்டில்களை இடம் மாற்றி அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் போனவள் வெளியே வந்து அடுத்தவள் காதில் போட்டுவிடுவாள். அடுக்குகிற அறையில் அவன் மட்டும்தான். எப்படி அடுக்குகிறான் என்று கேட்க ஆள் கிடையாது.

அம்மாவின் முறை வந்தபோது இடது மூன்று வரிசையிலும் நல்ல பாட்டில்களாக வைத்தான். இருபதையும் வலப்பக்கத்து ஏழு வரிசையில் கலந்து நிறுத்தினான். ஐந்து நிமிட வேலை. அந்த நேரத்தில் அது அவனுக்குத் தப்பாகவே தோன்றவில்லை. வளைந்த அச்சை நிமிர்த்துகிற மாதிரி இருந்தது.

அம்மா இருபதையும் எடுத்தாள். கேமரா எடுத்தது பத்தொன்பது.

"கழுகுன்னா கழுகுதான்யா," என்று மேலாளரே கை தட்டினார். "மிஷினை நீயே திருப்பி எடுத்துட்டுப் போயிடு தம்பி."

ஒல்லி பதினேழு. ஒரே ஒரு பாட்டிலில் ஐந்தாவது இடம். அவள் தன் நாற்காலியில் கட்டியிருந்த பஞ்சுத் திண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "கழுகு பக்கத்துல பதினெட்டு வருஷம் உக்காந்தும் எனக்கு இறக்கை முளைக்கலை பாரு," என்றாள். சிரித்தார்கள். அவன் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கொஞ்ச நாளாக அம்மா அவனைத் தன் இடப்பக்கம் விட்டு நடந்தாள்.

"இன்னைக்குப் பாட்டிலுக்கெல்லாம் என்ன மரியாதை பாத்தியா?" என்றாள். "ஒண்ணுகூட ஓரமா போய் ஒளியல. எல்லாம் என் கைப்பக்கமா வந்து வரிசையா நின்னுச்சு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. "பஸ் வருது," என்றான்.

பஸ் எதுவும் வரவில்லை. அவளும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த மூன்று மாதமும் அவன் அந்த இடம் மாற்றுகிற வேலையைத்தான் வீட்டில் செய்தான். சாப்பிடும்போது அம்மாவின் தட்டில் இடது பாதி அப்படியே இருக்கும். "போதும், நிறைஞ்சிருச்சு," என்பாள். தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் தட்டை அரைச்சுற்று திருப்பி வைப்பான். அவள் மறுபடியும் சாப்பிடுவாள். செருப்பை வாசலின் வலப்பக்கத்துக்கு மாற்றினான். இடப்பக்கமிருந்த அடுப்பை, குழாய் சரியில்லை என்று சொல்லி நகர்த்தினான். டாக்டரிடம் போகலாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஞாயிறைச் சொன்னால் புதனைச் சொல்ல வேண்டும். புதனைச் சொன்னால் ஒல்லியின் நாற்காலி. வருகிற வாரம் சொல்லலாம் என்று வைத்தான். எல்லா வாரமும் வருகிற வாரம்தான்.

சோதனை முடிந்து தொண்ணூற்றைந்தாம் நாள், தொழிற்சாலை மாடிப்படியில் இடது கைப்பிடியைப் பிடிக்கப் போய், அது இல்லாத இடத்தில் பிடித்து, அம்மா பதினோரு படி உருண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். பின்னாலிருந்து வெள்ளை வெளிச்சம். அம்மா இருபத்தாறு வருடம் பார்த்த அதே மாதிரி வெளிச்சம். மூளையின் வலப்பக்கத்தில் நாலு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி. விழுந்ததில் அதற்குள் ரத்தம் கசிந்திருந்தது.

"இது பெரிசாயிருச்சு. இப்ப கை வைக்க முடியாது," என்றார் டாக்டர். "மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா வேற பேச்சு. இடது பக்கம் பார்வை போயிருக்கணுமே. வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"இல்ல டாக்டர்."

"வீட்டுல யாரு யாரு?"

"நான் மட்டும்தான்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவன் கட்டிலின் வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். முதல் வாரம் அம்மா தெளிவாகப் பேசினாள். ஊசி போட வந்த நர்ஸின் மூக்குக்கண்ணாடியில் கீறல் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். எட்டாம் நாள் மதியம், அறையில் வேறு யாரும் இல்லாதபோது கேட்டாள்.

"ஏதாவது சொல்லணுமாடா?"

சொல்லிவிடலாம் என்று அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான். போகிறவளுக்கு ஏன் இன்னொரு சுமை என்று நினைத்தான். அவள் சொன்ன கணக்குத்தான், ரெண்டாகும்.

"இல்லம்மா. உனக்கு?"

"எனக்கும் ஒண்ணும் இல்ல," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசியது தண்ணீர், போர்வை, வெளிச்சத்தை அணை, அவ்வளவுதான். கடைசி நாளில் கண் இரண்டும் திறந்தே இருந்தன. எதைப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

எல்லாம் முடிந்த ஐந்தாம் நாள் ஒல்லி வந்தாள். பலகை போட்ட அதே கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, வெகுநேரம் அழுதாள்.

"கண்ணுல விளக்கெண்ணெய விட்டுட்டுப் பாக்குற பொம்பளடா அவ. அவளுக்குப் போய் கண்ணு தெரியலைன்னு சொன்னா எவன் நம்புவான்?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவ விழுந்த மறுநாளே என்னைக் கூப்பிட ஆள் அனுப்பிட்டாங்க. அவ நாற்காலியிலதான் என்னை உக்கார வச்சிருக்காங்க. உக்கார முடியல தம்பி. முள்ளு மேல உக்காந்த மாதிரி இருக்கு."

"உக்காருங்க சித்தி. அது உங்க இடம்தான்," என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

நாற்காலிக்குக் கீழிருந்த இழுப்பறையைக் காலி செய்து ஒரு பையில் கொண்டு வந்திருந்தாள். தண்ணீர் பாட்டில், ஒரு சீப்பு, தலைவலித் தைலம், கண் துடைக்கிற பருத்தித் துணி, நாலாக மடித்த ஒரு சீட்டு.

சீட்டு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையுடையது. தேதியைப் பார்த்தான். பாட்டிலுக்கு எண் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், சனி. அம்மா அன்று சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், ஒன்றும் வாங்காமல் வந்தாள். சீட்டில் கண்ணாடிக்கான அளவு எதுவும் எழுதப்படவில்லை. சோதித்தவர் குறுக்கே நீலப் பேனாவால் எழுதியிருந்தார்: 'இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை இல்லை. கண்ணாடி போட்டுச் சரியாகாது. தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுக்கவும்.'

பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பதினான்கு பாட்டிலை எடுத்து மடியில் வைத்தபோது அவளுக்குத் தெரியும். பத்தொம்பது என்று அவன் சொன்னபோதும் தெரியும்.

"என்ன தம்பி அது? முக்கியமானதா?" என்று ஒல்லி கேட்டாள்.

"பழைய சீட்டு சித்தி."

நீல எழுத்துக்குக் கீழே, மூலையில், பாட்டில் தொட்டிகளில் தேதி எழுதுகிற மெழுகுப் பென்சிலால், அம்மாவின் கோணல் கையெழுத்தில் இரண்டு வார்த்தை இருந்தது.

'புதன் கழிச்சு.'