கிடாரத்தில் நாலு மீசை

ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்தால் அப்பா ஏன் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கிறார் என்று நீங்கள் இருவரும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். வேகமாக வருகிற மோட்டார் சைக்கிளுக்கு நான் பயப்படுவதில்லை. வேகமாக வருகிறவனுக்கு வேறு எங்கோ வேலை இருக்கிறது. மெதுவாக வருகிறவன் கடைகளுக்குள்ளே பார்த்துக்கொண்டு வருகிறான். நான் ஓ.எல். வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் வடிவு காட்டத் தெரியாது. நடந்ததை எழுதி வைக்கிறேன். இந்தப் பயம் எங்கள் வீட்டுக்குள் எந்த வழியால் வந்தது என்று நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் குஷன் கடை டவுனுக்குள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிறது. ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சீட் உறை தைப்பதுதான் தொழில். பின்னேரம் ஆனால் கடை கடையாக இருக்காது. ரெக்சின் சுருள்களின் மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்துக் கடையில் வாகனங்களுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற நண்பன் வருவான். அவன் கத்தோலிக்கன், பைலா பாடினால் ஒழுங்கையே கேட்கும். காத்தான்குடியில் இருந்து வந்து சந்தியில் ஃபான்சிக் கடை வைத்திருக்கும் நானா வருவார், முஸ்லிம், எங்களுக்குள் மூத்தவர். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிற நண்பன், கிளாக்கர் என்று நாங்கள் கூப்பிடுகிறவன், வேலை முடிந்து நேரே இங்கேதான் வருவான். பிளேன்டீ, ரோல்ஸ், கரம் போர்ட், கிரிக்கெட், பிறகு ஒருவரையொருவர் கிண்டல் பண்ணுவது. போயா லீவு நாட்களில் குடும்பங்களோடு வாவிக்கரைக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடுவோம்.

அதற்காகத்தான் நாலு பேரும் சேர்ந்து அந்தப் பெரிய சமையல் கிடாரத்தை வாங்கினோம். மாடும் பன்றியும் அதில் காய்ச்சுவதில்லை என்று முதல் நாளே பேசி முடித்தோம். வாங்கிய அன்று ஸ்டிக்கர்க்காரன் மஞ்சள் எனாமல் பெயின்ட் எடுத்து அதன் வயிற்றில் நாலு மீசை கீறினான். கிளாக்கரின் மீசை மெல்லிய கோடு. என்னுடையது கூட்டுகிற தும்புத்தடி மாதிரி. நானாவின் மீசைக்குக் கீழே ஒரு தாடியும் தொங்கியது.

"எனக்கு மட்டும் என்னத்துக்கு ரெண்டு சாமான்?" என்று நானா கேட்டார்.

"நீங்க ரெண்டு பேர்ர சாப்பாடு சாப்பிடுறீங்க நானா, கணக்குச் சரி" என்றான் அவன்.

இந்தக் கூட்டத்துக்குள் அரசியல் கதைப்பதில்லை. அது கிளாக்கர் போட்ட சட்டம். அவனுக்கு அரசாங்க வேலை, பென்ஷனுக்கு இன்னும் காலம் இருந்தது. ஆனால் நான் இன்னொரு கூட்டத்திலும் இருந்தேன். எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கிற மாமியை உங்களுக்குத் தெரியும். அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. அவரைப் போன்ற தாய்மார் மகன்களின் படங்களோடு ரோட்டோரம் இருக்கிற நாட்களில், காலையில் நானும் போய்க் கொஞ்ச நேரம் இருப்பேன். அந்த வழியால் கந்தோருக்குப் போகும் கிளாக்கர் என்னைக் கண்டால் ரோட்டின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவான். பின்னேரம் கடைக்கு வந்து, காலையில் என்னைக் காணாதவன் மாதிரி, "டேய், சீனி காணாது" என்று தேத்தண்ணியை நீட்டுவான். நானும் சீனி போடுவேன். அப்படித்தான் இரண்டையும் கொண்டு போனேன்.

உங்கள் பெரிய மாமி, என்னுடைய அக்கா, கலியாணம் முடித்து வன்னிக்குப் போனவர். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அங்கே அகப்பட்ட சனம் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிக் குடித்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அக்கா கடைசியாகக் குடித்ததும் அதுவாகத்தான் இருக்கும். உடல் கிடைக்கவில்லை. செத்தவர்களை நினைத்து மே மாதத்தில் அதே கஞ்சியைக் காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, ரோட்டால் போகிற எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். அந்த வருஷம் எங்கள் ஒழுங்கைச் சந்தியிலும் கொடுக்க வேண்டும் என்று இடியப்ப மாமி சொன்னார்.

"மனே, உங்கட கூட்டாளிமார்ர கிடாரத்த ஒரு நாளைக்குத் தருவியா? என்னட்ட இருக்கிறது இடியப்பச் சட்டிதான்."

வேறொரு ஊரில் கஞ்சி காய்ச்சியவர்களைப் பொலிஸ் கொண்டுபோனதை அதற்கு முதல் நாள்தான் ஃபோனில் பார்த்திருந்தேன். கிடாரம் எனக்கு மட்டும் சொந்தம் இல்லை. கேட்காமல் கொடுக்க முடியாது. கேட்டால் அவர்களுக்கும் தெரிந்துவிடும், தெரிந்திருப்பதே ஆபத்து. பின்னேரம் கரம் போர்டைச் சுற்றி எல்லோரும் இருந்தபோது, காயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கிடாரம் நாளைக்கு ஒருக்கா வேணும்."

"ஆருக்குடா கலியாணம்? என்னக் கூப்பிடல்ல?" என்றான் ஸ்டிக்கர்க்காரன்.

"மாமிக்கு."

யாரும் சிரிக்கவில்லை. என்ன மாதம் என்று எல்லோருக்கும் தெரியும். கிளாக்கர் ஃபோனை எடுத்துக் கிரிக்கெட் சத்தத்தைக் கூட்டினான். "எனக்கு ஒண்டும் கேக்கல்ல. இவன் என்ன சொன்னான்? எனக்குக் கேக்கவே இல்ல. ஸ்கோர் என்ன எண்டு பாருங்கடா."

"மட்ச் முடிஞ்சு கப்பும் குடுத்திட்டானுகள், இவர் இப்பதான் ஸ்கோர் கேக்கிறார்" என்றார் நானா. பிறகு என்னிடம் மெதுவாக, "கடைக்குப் பின்னால பலகைப் பெட்டி கிடக்கு தம்பி. விறகுக்கு உடைச்சு எடு" என்றார்.

வீட்டில் உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"இஞ்சாருங்க, பயமா?"

"ஓம்."

"எனக்கும்தான். புள்ளையள் இருக்கு, போகாதீங்க எண்டு சொல்ல வாய் வருது. உடன வன்னி மச்சாள்ட முகம் வருது. மறுகா சொல்ல ஏலாமக் கிடக்கு."

அவர் கிடாரத்தைக் கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போய், சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். செத்த சனத்துக்குச் செய்கிற கஞ்சியைக் கரி பிடித்த கிடாரத்தில் காய்ச்சக் கூடாதாம். எத்தனையோ போயாக்களின் புகையும் எண்ணெயும் கழன்று வந்தன. கடைசியில் கரிக்குக் கீழே இருந்து நாலு மஞ்சள் மீசைகளும் புதிதாய்க் கீறினது போல வெளியே வந்தன. அம்மா அதைக் கண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

காலையில் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அடுப்பு மூட்டினோம். சனம் வந்தது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் நின்று ஒரு சிரட்டை வாங்கிக் குடித்துவிட்டு ஓடினார்கள். ஒரு ஓட்டோக்காரர் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேவையில்லாமல் அடிக்கடி கிண்டினேன். எதிரே மோட்டார் சைக்கிளில் ஒருவன் இறங்காமல் இருந்து ஃபோனால் படம் எடுத்தான். அவன் போய்க் கொஞ்சத்தில் பொலிஸ் ஜீப் வந்தது.

வந்தவர்களில் பெரியவர் சிங்களத்தில் பேசினார். கூட வந்த இளம் தமிழ்ப் பொலிஸ்காரன் தமிழில் சொன்னான்: கூட்டம் கூட்ட வேண்டாம், நிறுத்துங்கள், கிடாரத்தைக் கொண்டு போகப்போகிறோம். மாமி ஒரு சிரட்டையை அவரிடம் நீட்டினார்.

"உப்பத் தவிர இதில ஒண்டும் இல்ல சேர். குடிச்சுப் பாருங்க."

அவர் குடிக்கவில்லை. மிச்சத்தை எங்களையே வாளியில் ஊற்றச் சொன்னார். கிடாரத்தைத் தூக்க ஒரு பக்கம் சரித்தபோதுதான் அவர் மீசைகளைக் கண்டார். குனிந்து பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். தாடியில் அவர் விரல் நின்றது.

"இது என்ன இயக்கத்தின்ட சின்னம் எண்டு கேக்கிறார்" என்றான் இளையவன்.

"இயக்கம் இல்ல சேர். நாங்க சமைச்சுச் சாப்பிடுற ஆக்கள்."

"நாலு பேரா?"

நான் வாளியைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாளைக் காலை நாலு பேரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று கடையின் பலகைக் கதவை அரைவாசி மூடிவிட்டு உள்ளே இருந்தேன். வந்தவன் கிளாக்கர்தான். சுவரோரமாக வந்து, குனிந்து உள்ளே நுழைந்தான்.

"என்ர பேர் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லுவியா?"

"சொல்ல மாட்டன்டா."

"அடிச்சா?"

அவன் ரெக்சின் சுருளின் மேல் உட்கார்ந்தான். "மச்சான், உனக்குக் கடை இருக்கு. ஆரும் உன்ன வேலையால நிப்பாட்ட ஏலா. என்ர பேர் ஒருக்கா அங்க பதிஞ்சா, பொறகு எந்தக் கந்தோரும் என்னத் தொடாது. என்ர மகள் கம்பசுக்குப் போறா. விளங்குதா?"

விளங்கியது. அவன் முகம் வெளிறிப்போய் இருந்தது. எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அவன் பயமும் என் பயமும் ஒரே அளவுதான். நான் என்னுடையதை ரோட்டில் கொண்டு போய் வைத்தேன், அவன் வைக்கவில்லை.

காலையில் நான் தனியாகத்தான் போனேன். அம்மா வாசலில் நின்று என் சேட்டுப் பொக்கெட்டில் கடதாசியில் மடித்த திருநீற்றுச் சரையை வைத்தார். ஸ்டேஷன் வாசலில் நானாவும் ஸ்டிக்கர்க்காரனும் நின்றார்கள்.

"ஆர் உங்களக் கூப்பிட்டது?" என்று கேட்டேன்.

"என்ர தாடியக் கொண்டு வச்சிருக்கானுகள், நான் வராம?" என்றார் நானா. சிரிக்கப் பார்த்தார், உதடு காய்ந்திருந்தது.

உள்ளே நிலத்தில் கிடாரம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் எங்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். பெரியவர் எங்கள் முகங்களையும் மீசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். தாடியை வைத்து நானாவை உடனே கண்டுபிடித்துவிட்டார். என்னையும் கண்டுபிடித்தார். ஸ்டிக்கர்க்காரனையும். அந்த மெல்லிய கோட்டில் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"நாலாவது ஆள் எங்க எண்டு கேக்கிறார்."

வாயைத் திறந்தால் அவன் பேர்தான் வெளியே விழும் போல இருந்தது. வேறு பேர் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. உங்கள் இரண்டு பேருடைய பேரும்கூட வரவில்லை.

"அது ஆள் இல்ல சேர்" என்றான் ஸ்டிக்கர்க்காரன். "டிசைன். மூண்டு கீறினா ஒரு பக்கம் இழுக்கும், வடிவில்ல. நான் பெயின்ட் வேலை செய்யிற ஆள், எனக்குத் தெரியும்."

இளம் பொலிஸ்காரன் அதைச் சிங்களத்தில் சொன்னான். சொல்லும்போது அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பெரியவர் என்னைப் பார்த்தார். "உண்மையா?" என்று அவரே தமிழில் கேட்டார்.

"ஓம் சேர்" என்றேன்.

வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். மூன்று பேரும் வெளியே வந்து சந்தி திரும்பினோம். பிறகு நானா ரோட்டோரத்தில் குந்திவிட்டார்.

அதோடு முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த கிழமை ஒருவன் மோட்டார் சைக்கிளில் மெதுவாக வந்தான். சீட் உறை தைக்க வேண்டும் என்றான். நான் அளவு எடுத்தபோது, "பின்னேரத்தில இஞ்ச நல்ல சனமாம், ஆரார் வாறவங்க?" என்று கேட்டான். வாடிக்கையாளர்கள் என்றேன். "கந்தோர் ஆக்களும் வாறவங்களாம்" என்றான். எனக்கு அளவு பிழைத்துவிட்டது, இரண்டாம் தரம் எடுத்தேன். உறையைத் தைத்து வைத்தேன். அவன் எடுக்க வரவில்லை. கடையில் கொளுவித் தொங்குகிற அந்தக் கறுப்புச் சிவப்பு உறை அவனுடையதுதான். விற்கவும் பயம், வெட்டி எறியவும் பயம்.

கிளாக்கர் கடைக்கு வருவதை விட்டுவிட்டான். நானும் கூப்பிடவில்லை. வாவிக்கரைச் சமையலும் நின்றுபோனது. நீங்கள் இருவரும் ஒவ்வொரு போயாவுக்கும் கேட்டீர்கள், நான் மழை வரும் என்று சொன்னேன். வானத்தில் ஒரு முகிலும் இருக்காது.

கடைசியில் கிடாரத்தைத் திருப்பித் தந்தார்கள். ஓட்டோவில் ஏற்றி வந்து வீட்டுக்குப் பின்னால் இறக்கினேன். அன்றைக்கே, இருட்டுப் பட முதல், கிளாக்கர் பின் வேலியால் வந்தான். கையில் ஒரு பையில் தின்னர் போத்தலும் தேய்க்கிற மண் கடதாசியும் இருந்தன.

"என்ரத அழிக்கப் போறன்" என்றான். "கோவிக்காத."

"கோவிக்கல்ல."

அவன் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு குந்தினான். கிடாரம் உருளாமல் நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனாமல் லேசில் போகவில்லை. அவன் மூச்சு வாங்கச் சுரண்டினான். மஞ்சள் தூள் அவன் கையில் ஒட்டியது. பாதி அழிந்த நேரத்தில், தலை நிமிராமல் கேட்டான்.

"வாற வருஷம் மாமி கேட்டா குடுப்பியா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. இரண்டு பேரும் அது தூரமாகப் போய்ச் சத்தம் அடங்கும் வரைக்கும் அசையவில்லை.

"குடுப்பன்" என்றேன். அவன் மற்ற மூன்று மீசைகளையும் பார்த்தான்.

"அப்ப சும்மா பாத்துக்கொண்டு நிக்காதடா" என்று மண் கடதாசியைக் கிழித்து ஒரு துண்டை என்னிடம் நீட்டினான். "நீயும் பிடிச்சு நல்லாச் சுரண்டு. எல்லாத்தையும்."